மூன்றாவது மாடித் தும்மல்

"கயித்த அவுக்கப் போறியா, இல்ல நான் அவுக்கட்டுமாட்டி?"

"தொட்டுப் பாருங்க மாமா. தும்முததுக்கு ஊர்ல வேற எடமே கெடைக்கலையா ஒங்களுக்கு? எங்க வாசல் வழியாத்தான் ஏறணுமா?"

"நான் எங்கட்டி தும்முனேன்? இந்தக் கட்டடத்துலயே தும்மாத ஒரே ஆளு நான்தான்."

"இன்னைக்குத் தும்மல. நாளைக்குத் தும்முவீய."

"எனக்கு வராது. நான் யாரு எச்சியும் தொடுத ஆளில்ல."

சண்டை மூன்றாவது மாடிப் படிக்கட்டில். நான் குடியிருப்பது இரண்டாவது மாடி. தலைக்கு மேலேயே நடந்தால் காதைப் பொத்திக்கொண்டா இருக்க முடியும்? மூக்கைச் சிந்திக்கொண்டே என் வாசலில் நின்று கேட்டேன். பாளையங்கோட்டையில் எங்களுடையது தரைத்தளத்தையும் சேர்த்து நாலு அடுக்கு உள்ள கட்டடம். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். கட்டினவன் அப்படிக் கட்டிவிட்டான், நான் என்ன செய்ய.

மேலே கத்தியவள் இசக்கி. முப்பத்தாறு வயது, கல்யாணமாகவில்லை. துணி காயப்போடும் நைலான் கயிற்றைப் படிக்கட்டின் குறுக்கே கட்டி, பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் போட்டுவிட்டாள். கீழே நின்று கத்தியவர் ஆறுமுகநயினார், ஓய்வுபெற்ற சார்பதிவாளர், முதல் மாடி, எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் நிரந்தரத் தலைவர். அவர் மனைவி தெய்வானை அம்மாள் பிழிந்த கூழ்வத்தல் மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருந்தது. மொட்டைமாடிக்குப் போக இசக்கியின் வாசலைக் கடந்தாக வேண்டும்.

வத்தலுக்காகவா இவ்வளவு சண்டை என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். அது நல்ல சளி வந்த வருஷம்.

பெரிய காய்ச்சல் அதற்குமுன் இரண்டு தடவை வந்து போயிருந்தது. எதிர்த்தெருவில் வீட்டுக்கு ஒருவரைக் கொண்டுபோனது. ஊசி போட்டு மாளவில்லை. பாதி ஊருக்குப் போடுவதற்குள் முதலில் போட்டவர்களுக்கு அதன் வீரியம் தீர்ந்துவிடும். அதனால் விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டார்கள். தானாகவே ஆள்விட்டு ஆள் தொற்றும் ஒரு சாதுவான கிருமி. வந்தால் மூன்று நாள் தும்மல், அவ்வளவுதான். அதற்கப்புறம் பெரிய காய்ச்சல் கிட்டே வராது. தெருவுக்கு ஒரு ஆளைப் பிடித்து மூக்கில் சொட்டு விட்டால் போதும், மிச்சத்தை அந்த ஆளே பார்த்துக்கொள்ளும். எங்கள் தெருவில் சொட்டு விட்டது எனக்கு. எதற்கு என்னை என்று சுகாதார நிலையத்து நர்ஸ் ஜெபசீலியிடம் கேட்டேன். "சும்மாதான் கோமு அக்கா" என்று குனிந்து பெட்டியை மூடினாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது.

நல்லபடியாகத்தான் பரப்பினேன். ஒரே வாரத்தில் கட்டடமே தும்மியது. யார் வீட்டில் எப்போது தும்மல் ஆரம்பிக்கிறது என்பதை வைத்து, யார் யாரோடு பேச்சுவார்த்தையில் இருக்கிறார்கள் என்று நான் உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடுவேன். பேசாமல் இருப்பதாக ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஓரகத்திகள் இருவர் ஒரே நாளில் தும்மினார்கள்.

மூன்றாவது மாடியை விட்டால் தும்மாதவர் நயினார் ஒருவர்தான். தண்ணீரை அண்ணாந்துதான் குடிப்பார். அவர் டம்ளரை மற்றவர்கள் தொடக்கூடாது. மனைவிக்குச் சளி பிடித்ததும் படுக்கையை ஆபீஸ் அறைக்கு மாற்றிக்கொண்டார். கட்டடத்துப் பிள்ளைகள் பயந்து அழுதால் நெற்றியில் திருநீறு பூசி ஊதிவிடுவார். அந்தப் பிள்ளைகள் கொடுக்கிற மிட்டாயை மட்டும் வாங்கமாட்டார்.

அன்றைக்குச் சண்டையை நிறுத்தியது ஜெபசீலிதான். சத்தம் கேட்டு ஏறி வந்தவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து பதினாறாவது கட்டடமாம்.

"சார், வடிவு அக்காவுக்கு இந்தச் சளி வரக்கூடாது. அதான் இசக்கி கயிறு கட்டியிருக்கா."

"ஊருக்கே நல்லதுன்னு சொல்லித்தான பரப்புனீய? அவளுக்கு மட்டும் கெட்டதா?"

வடிவு என்கிற சண்முகவடிவு இசக்கியின் அண்ணன் மனைவி. அண்ணன் சங்கரபாண்டி கப்பலில் வேலை. வருஷத்தில் ஒரு தடவை வந்து போவான். வடிவுக்கு இரண்டு கிட்னியும் போனபோது தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தவள் இந்த இசக்கி. அதற்கப்புறம் இசக்கிக்கு வந்த வரன்கள், விஷயம் தெரிந்ததும் காபி ஆறுவதற்குள் எழுந்து போனார்கள்.

ஜெபசீலி சொன்னாள்: "உடம்புக்குள்ள கோமு அக்கா மாதிரி ஒரு ஆளு வாசல்ல உக்காந்திருக்கு சார். வாரவன் போறவன் மூஞ்சியெல்லாம் மனசுல வச்சிக்கிடும். நல்ல சளி வரும்போது அதோட மூஞ்சியப் பாத்து வச்சிக்கிடுது. பின்னால பெரிய காய்ச்சல் அதே ஜாடையில வந்து நின்னா, 'ஏ, இவனத் தெரியும்'னு கட்டடத்தையே கூட்டிருது. புரியுதா?"

"புரியுது" என்றார் நயினார், கீழே என்னைப் பார்த்துக்கொண்டே.

"வடிவு அக்கா உடம்புல இருக்கது இசக்கியோட கிட்னி. அந்த ஆளு முழிச்சிருந்தா, இது யார் வீட்டுச் சாமான்னு தூக்கி வெளிய போட்டுரும். அதனால மாத்திரை குடுத்துத் தூங்க வச்சிருக்கோம். தூங்குறப்ப நல்ல சளி வந்தா மூஞ்சியப் பாக்க ஆளில்ல. அது பாட்டுக்கு உள்ள குடியிருக்கும். மூணு நாள் இல்ல, மூணு வருஷம்கூட."

"அப்ப அவளக் கேக்காமத்தான் ஊருக்குள்ள வுட்டீயளா?" என்று இசக்கி கேட்டாள்.

ஜெபசீலி எழுந்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு பதினேழாவது கட்டடத்துக்குப் போனாள். வத்தலை நயினார் விட்டுவிட்டார். அது மொட்டைமாடியிலேயே காக்காய்க்கு ஆனது.

கயிறு இருந்தது. பால், காய்கறி எல்லாம் பால்கனியிலிருந்து தொங்கிய கூடையில் ஏறின. கூடையையும் உருளையையும் பூட்டிக் கொடுத்தவர் தரைத்தளத்துச் செண்பகராமன், மின்வாரிய லைன்மேன். மனைவி காய்ச்சலின் முதல் சுற்றில் போய்விட்டாள். அதிகம் பேசமாட்டார். எனக்குப் பெரிதாகப் பயன்பட்ட மனிதர் இல்லை. இசக்கி ஒரே ஒரு நாள் கீழே இறங்கினாள். வடிவின் மாத்திரையை ஆஸ்பத்திரியில் நேரில்தான் கொடுப்பார்கள். முகத்தில் இரண்டு துணி கட்டிக்கொண்டு போய் வந்து, வெந்நீரில் குளித்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

அதற்கு மறுநாள் காலையில் நயினார் மாடி ஏறினார். குளித்து, நெற்றி நிறையப் பட்டை, கையில் திருச்செந்தூர் இலை விபூதி. கத்தினது அவருக்கே உறுத்தியிருக்க வேண்டும்.

"இசக்கி, கோவத்துல பேசிட்டேன். வடிவுக்குத் திருநீறு பூசிட்டுப் போறேன். நான்தான் தும்மாத ஆளாச்சே."

இசக்கி யோசித்திருக்கிறாள். கட்டடத்தில் தொற்றில்லாத ஒரே ஆள் என்றால் அவர்தான். யார் எச்சிலும் படாதவர். பெரியவரை அப்படி விரட்டினோமே என்று அவளுக்கும் சங்கடம். கயிற்றைத் தூக்கிப் பிடித்தாள். வடிவு கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நயினார் திருநீற்றைப் பூசி, கண்ணில் விழாமல் கையை மறைவாக வைத்து, பிள்ளைகளுக்குச் செய்வது போலவே மூன்று தடவை ஊதினார். இறங்கி வந்தார். அன்று மத்தியானமே கோயிலுக்கு என்று திருச்செந்தூர் பஸ் ஏறியவர் ஒரு வாரம் கழித்துத்தான் வந்தார்.

அவர் ஊரில் இல்லாத அந்த வாரம் மூன்றாவது மாடியில் முதல் தும்மல் கேட்டது. முதலில் வடிவு, அப்புறம் இசக்கி. நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

இசக்கி பால்கனியில் உட்கார்ந்து அழுதாள். "ஆஸ்பத்திரிக்குப் போனேன்லா அக்கா. நான்தான் கொண்டாந்துட்டேன். கிட்னியையும் குடுத்து, நோயையும் குடுத்துட்டேன்." எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. நாலு பேரிடம் அப்படித்தான் சொன்னேன்.

திருச்செந்தூரிலிருந்து திரும்பிய நயினார் விசாரித்தார், உச்சுக்கொட்டினார். தனக்கு இன்னும் சளி வரவில்லை என்றார்.

எங்களுக்கு மூன்று நாளில் முடிந்தது வடிவுக்கு முடியவில்லை. மூன்று மாதம் கழித்தும் மூக்கு ஒழுகியது, இருமல் நிற்கவில்லை. ஆளும் பாதியாகிப் போனாள். தூங்குகிறவரை எழுப்பலாமே, மாத்திரையைக் குறைக்கலாமே என்று டாக்டரிடம் கேட்டாளாம். குறைத்தால் சளி போகும், கூடவே கிட்னியும் போகும் என்றார்களாம். "வேண்டாம். அது இசக்கியோடது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

ஆடியில் பெரிய காய்ச்சல் வந்தது. எங்கள் தெருவைத் தொடாமல் போனது. நயினார் தன்னை ஆசாரம் காப்பாற்றியது என்று எல்லாரிடமும் சொன்னார். நம்பி இரண்டு பேர் அண்ணாந்து குடிக்கப் பழகி, புரையேறிச் சட்டையை நனைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வருஷம்தான் வில்லங்கம். காய்ச்சல் கொஞ்சம் ஜாடையை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தது. எங்கள் உடம்பில் வாசலில் உட்கார்ந்திருந்த ஆளுக்கு அடையாளம் பிடிபடவில்லை. நல்ல சளி இன்னொரு தடவை வந்தால் தேவலை என்றாகிவிட்டது. அது எங்கே இருக்கிறது? ஊர் முழுக்க ஒருமுறை சுற்றி, ஏறுகிற உடம்பெல்லாம் கதவை அடைத்ததும் தங்க இடமில்லாமல் செத்துப்போயிருந்தது. புதுச் சொட்டு எப்போது வரும் என்று ஜெபசீலியிடம் கேட்டால், "எனக்கே சம்பளம் எப்ப வரும்னு தெரியல" என்றாள்.

இதற்கிடையில் ஒன்றைக் கவனித்தேன். இசக்கி அவ்வப்போது மூன்று நாள் தும்முவாள், பிறகு நன்றாகிவிடுவாள். புதுக் காய்ச்சல் அவளைத் தொடவே இல்லை. ஜெபசீலியிடம் சொன்னேன். அவள் படிக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"வடிவு அக்கா உடம்புல அது இன்னும் உயிரோட இருக்கு. இருக்க இருக்க மாறுது. காய்ச்சல் மாறுன தினுசுக்கு இதுவும் ஏதோ ஈடு குடுக்கு போல. கோமு அக்கா, இத யார்ட்டயும் சொல்லிராதீங்க."

அவள் அதை என்னிடம் சொல்லியிருக்கக்கூடாது.

மறுநாளே ஆட்கள் வந்துவிட்டார்கள். அதுவரை அந்தப் படிக்கட்டுப் பக்கமே போகாதவர்கள், மூன்றாவது மாடிக் கைப்பிடியைக் கூடத் தொடாதவர்கள். "வடிவு எப்படி இருக்கா, பாத்து ரொம்ப நாளாச்சி" என்று வரிசையாக நின்றார்கள். இசக்கி நாற்காலியைத் தூக்கிக் காண்பித்தாள்.

"வாங்கிட்டுப் போறதுக்கு வாரீய. அவளுக்கு ஒங்க இருமலயும் வயித்துப்போக்கயும் குடுத்துட்டுல போவீய. ஒருத்தரும் ஏறக்கூடாது."

அதனால் கூடை மறுபடி இறங்கியது. டம்ளரில் பாலை ஊற்றிக் கூடையில் வைத்தால் மேலே போகும். இசக்கி டம்ளரின் வாயை வெந்நீரால் துடைத்துக் கொடுப்பாள். வடிவு ஒரு வாய் குடிப்பாள். டம்ளர் கீழே வரும். எச்சில் தட்டு, எச்சில் கை என்று வாழ்நாளெல்லாம் ஆட்களை ஒதுக்கிவைத்த வீட்டுக்காரர்கள், டம்ளர் விளிம்பில் எந்த இடத்தில் வாய் பட்டது என்று பார்த்து, அந்த இடத்திலேயே வைத்துக் குடித்தார்கள். பக்கத்துத் தெருவிலிருந்தும் வர ஆரம்பித்தார்கள். சீனி போட்டால் கிருமி செத்துவிடுமா என்று கேட்டார்கள். எங்கள் ஒன்றுவிட்ட பெரியப்பா மகனுக்கும் சேர்த்து இரண்டு வாயாகக் குடிக்கச் சொல்லுங்கள் என்று கேட்டாள் ஒருத்தி. நானும் என் டம்ளரை வைத்தேன், இல்லையென்று சொல்லவில்லை.

ஒருநாள் மத்தியானம், தெருவே படுத்திருந்த நேரம், நயினார் கூடையருகில் வந்தார். துண்டுக்குள்ளிருந்து வெள்ளி டம்ளரை எடுத்தார். நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"அவளுக்கு" என்றார்.

"அத்தைக்குத்தான மாமா, தெரியுமே" என்றேன்.

வடிவை நான் பார்த்தது பால்கனியில்தான். காலையில் கம்பியைப் பிடித்து நிற்பாள். டம்ளர்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "எனக்கு இப்பல்லாம் பால் வாடையே ஆக மாட்டேங்கு அக்கா" என்றாள் ஒருநாள். அதற்கப்புறம் எல்லாரும் மோருக்கு மாறினோம். அது எங்கள் கருணை.

புரட்டாசியில் மதுரையிலிருந்து தகவல் வந்தது. சளியை எதிர்த்துத் தேறியவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்த மருந்து, சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். தூங்குகிறவரை எழுப்ப வேண்டாம். முழித்திருக்கும் ஆட்களை வாடகைக்குக் கொண்டுவந்து உள்ளே விடுவது மாதிரி என்றாள் ஜெபசீலி. கிட்னிக்கு ஆபத்தில்லை. சளி போய்விடும். அடுத்த திங்கட்கிழமை வந்தால் படுக்கை இருக்கிறது. விட்டால் எப்போது கிடைக்கும் என்று தெரியாது.

சளி போய்விடும் என்ற வார்த்தைதான் கட்டடம் முழுக்கக் கேட்டது. டம்ளரில் குடித்தவர்களில் பாதிப் பேருக்கு இன்னும் தும்மல் வந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்தும் இடத்தில் சங்கக் கூட்டம். இசக்கியையும் ஜெபசீலியையும் அழைத்திருந்தார்கள். தலைமை நயினார். தண்ணீர்ச் செம்பை அண்ணாந்து குடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"யாரும் போவேண்டாம்னு சொல்லல. வடிவு நம்ம வீட்டுப் பொண்ணு. கார்த்திகை வரைக்கும் தள்ளிப் போட்டா, இந்தக் காய்ச்சல் சீசன் தாண்டிரும். சின்னப் பிள்ளைய இருக்கு, மாசமா இருக்கதுய இருக்கு. கொஞ்சம் ஒத்துழைச்சா..."

"அது உள்ள மாறிட்டே இருக்கு சார். இன்னைக்கு ஒங்களுக்கு நல்லது செய்யுது. கார்த்திகையில எப்படித் திரும்பும்னு எனக்கும் தெரியாது, கண்டுபிடிச்சவங்களுக்கும் தெரியாது. அந்தக்காவும் கார்த்திகை வரைக்கும் தாங்குவாங்களான்னு தெரியாது" என்றாள் ஜெபசீலி.

"எல்லாமே தெரியாதுன்னா எப்படிம்மா."

இசக்கி சண்டை போடுவாள் என்று எல்லாரும் தயாராக இருந்தோம். அவள் எழுந்து கையைக் கூப்பினாள்.

"தப்பு பண்ணது நான். நான்தான் ஆஸ்பத்திரியில இருந்து கொண்டாந்தேன். என்னய என்ன வேணும்னாலும் பேசுங்க. என் மதினிய விட்டுருங்க மாமா. ஒங்க கால்ல விழுதேன்."

அப்போதுதான் பின்வரிசை நாற்காலியில் சத்தம் கேட்டது. தெய்வானை அம்மாள். அவருக்குக் கை நடுக்கம் உண்டு; நாற்காலியைப் பிடித்து எழுந்ததில் நாற்காலியும் நடுங்கியது. கூட்டத்தில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"நீ கொண்டாரலட்டி இசக்கி. உக்காரு."

"தெய்வானை" என்றார் நயினார்.

"இருங்க. அந்தப் பிள்ள ஒரு வருசமா அழுதுக்கிட்டிருக்கு." எங்களைப் பார்த்தார். "என் கைக்கு காபிய முழுசாக் குடிக்க முடியாது. பாதி சிந்தும், பாதி நிக்கும். மிச்சத்த இவுகதான் குடிப்பாவ. கை நடுங்க ஆரம்பிச்ச நாளையில இருந்து. கதவச் சாத்திக்கிட்டுக் குடிப்பாவ. எனக்குச் சளி பிடிச்சப்பயும் ஆபீஸ் ரூம்ல படுத்தாவளே தவிர, காபிய விடல. ரெண்டு மூணு நாள்ல இவுக மூக்கு உறிஞ்ச ஆரம்பிச்சிட்டு. திருநீறு பூசப் போறேன்னு நின்னாவ. போவாதீயன்னு சொன்னேன். 'வாய் வச்சாத்தான எச்சி, ஊதுனா எச்சியா'ன்னு கேட்டாவ. பூசிட்டு வந்தாவ, ரெண்டு தும்மல் தும்முனாவ, பயந்து போயி திருச்செந்தூருக்கு பஸ் ஏறிட்டாவ."

கடல் காற்றில் ஒரு வாரம் தும்மித் தீர்த்திருக்கிறார் மனிதர். என் காது ஏமாந்தது அந்த ஒரு தடவைதான்.

யாரோ ஒருத்தர் அடக்க முடியாமல் சிரித்தார். காபி விஷயத்துக்குத்தான் சிரிப்பு. நயினார் தலையைக் குனிந்து செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். திருநீறு விஷயத்தைவிடக் காபி விஷயம்தான் அவரை அதிகம் கூனவைத்தது என்று எனக்குப் பட்டது. அது என் அபிப்பிராயம்.

மேலேயிருந்து வடிவின் குரல் வந்தது. பால்கனிக் கம்பியைப் பிடித்து நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"எனக்கு யாரு மேலயும் கோவம் இல்ல மாமா. கோவப்படுததுக்கு ஒடம்புல தெம்பும் இல்ல. எனக்கும் ஒங்கள மாதிரி ஒரு தடவ தும்மிட்டு, மூக்கத் தொடச்சிட்டு, முடிஞ்சி போச்சின்னு இருக்கணும். அவ்வளவுதான்."

நயினார் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"காலையில அஞ்சு மணிக்குக் கெளம்பணும். வண்டி நான் ஓட்டுதேன்" என்றார். கூட்டம் முடிந்தது என்று சொல்லக்கூட மறந்து படியேறிப் போனார்.

மதுரைப் பயணத்தை இசக்கி எனக்குச் சொன்னாள். பழைய அம்பாசிடர். வடிவு ஜன்னலைத் திறந்து வைத்தாளாம், அவருக்குத் தொற்றக்கூடாது என்று. "கண்ணாடிய ஏத்திக்கோ தாயி, வாடைக்காத்து ஒனக்கு ஆவாது" என்றாராம். முகத்தில் துணி கட்டச் சொன்னதற்கு, மூச்சு முட்டினால் வண்டி ஓட்ட முடியாது என்றாராம். கோவில்பட்டியில் நிறுத்தி டீ வாங்கினார்கள். வடிவு பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். இசக்கி கடைக்காரனுக்குக் காசு கொடுத்துவிட்டுத் திரும்பினால், டம்ளர் காலியாக இருந்தது. நயினார் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வடிவு ஆஸ்பத்திரியில் இருந்த அந்த வாரம் எங்கள் கட்டடம் முதல்முறையாக நயினாரின் தும்மலைக் கேட்டது. பித்தளைப் பானை படியில் உருண்ட மாதிரி இருந்தது. முதல் தும்மலில் என் சமையலறைப் பல்லி கீழே விழுந்தது.

தும்மல் விட்ட நேரத்தில் குளித்து, பட்டை அடித்து, சம்புடத்தில் திருநீற்றை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினார். மாசமாக இருந்த பெண்கள் வீட்டுக்கு மட்டும் ஜெபசீலியிடம் கேட்டுவிட்டுத்தான் போனார். ஒவ்வொரு வாசலிலும் திருநீற்றைப் பூசிவிட்டு, கையை மறைவாக வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஊதட்டுமா?"

சரி என்றவர்களுக்கு ஊதினார். வேண்டாம் என்ற இரண்டு வீட்டில் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். என் நெற்றியிலும் ஊதினார், பாக்கு வாசனை. ஜெபசீலி படியில் எதிரே வந்தாள். அவர் சம்புடத்தை ஒளிப்பதா நீட்டுவதா என்று தடுமாறினார். "திருநீறு வேண்டாம் சார், சர்ச்சுக்குப் போணும். ஊதிட்டு மட்டும் போங்க" என்று முகத்தைக் காட்டினாள்.

இந்தச் சுற்றில் தும்மலோடு இரண்டு நாள் காய்ச்சலும் அடித்தது எல்லாருக்கும். நல்ல சளியும் குணம் மாறத் தொடங்கியிருந்தது என்றாள் ஜெபசீலி. கார்த்திகை வரைக்கும் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று மட்டும் சொன்னாள். அதுவே கடைசிச் சுற்று. பிறகு அந்தக் கிருமி எங்கேயும் இல்லை. வடிவு மதுரையிலிருந்து வந்து படியேறும்போது என் வாசலில் நின்று மூக்கை ஒரு தடவை உறிஞ்சிக் காட்டினாள். காய்ந்த மூக்கு. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

தை மாதம் இசக்கிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை லைன்மேன் செண்பகராமன். ஊரே ஆச்சரியப்பட்டது, நான் படவில்லை. அந்த ஒரு வருஷமும் இசக்கி மூன்றாவது மாடியில் தும்மினால், இரண்டு மூன்று நாளில் தரைத்தளத்தில் செண்பகராமன் தும்முவார். டம்ளர்க் காலத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான். நடுவில் இருந்த இரண்டு மாடியிலும் ஒரு தும்மல் கிடையாது. கிருமி படிக்கட்டைத் தாண்டிக் குதிக்குமா? கூடைக் கயிறு அடிக்கடி அறுந்துபோனதையும் உருளை அடிக்கடி சிக்கியதையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டேன். தாலி கட்டுகிற நேரம் மாப்பிள்ளைக்கு ஹோமப் புகையில் ஒரு தும்மல் வந்தது. சகுனம் பார்க்கிற கூட்டம்தான். ஆனால் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தது மணப்பெண்ணை. இசக்கி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அம்பாசமுத்திரத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள். வரன் பார்க்க வந்து எழுந்து போனவர்களில் ஒருவன் மொய் எழுதிவிட்டுச் சாப்பிட்டுப் போனான்.

சங்கரபாண்டி கப்பலை விட்டுவிட்டு வந்து வடிவைத் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போனான். படியில்லாத வீடு. பாலை இன்னும் தொடுவதில்லையாம். மூன்றாவது மாடிக்கு ஒரு பேங்க் மேனேஜர் குடும்பம் வந்திருக்கிறது. அவர்கள் யாரோடும் பேசுவதில்லை, தும்முவதும் இல்லை. ஜெபசீலி வேலையை விட்டுவிட்டு நாகர்கோவில் பக்கம் கட்டிக்கொண்டு போனாள்.

நயினாரையும் தெய்வானை அம்மாளையும் மகன் கோயமுத்தூருக்கு அழைத்துக்கொண்டான். போன வாரம் அம்மாள் போனில் பேசினார். மருமகள் நல்லவளாம். கை நடுக்கத்துக்கென்றே மூடிபோட்ட குவளை ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறாளாம், உறிஞ்சிக் குடிக்கிற மாதிரி. ஒரு சொட்டுக் கீழே சிந்துவதில்லையாம்.

"நல்லதுதான அத்த" என்றேன்.

"நல்லதுதான். ஆனா மிச்சமே விழ மாட்டேங்கு கோமு" என்றார். "இவுக பாவம், குவளையவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காவ."